ஏழும் பத்தொன்பதும்

ஜூன் 4, ஞாயிறு

இன்றும் தோற்றேன். மூன்று ஆட்டம், மூன்றும். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தர்க்கவியல் நடத்தியவன், தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனைவியிடம் தினமும் தோற்கிறான் என்ற செய்தி பாளையங்கோட்டையில் இன்னும் பரவவில்லை. பரவினால் என் பழைய மாணவர்கள் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடுக்க வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

ஆட்டத்தின் பெயர் பேக்கமன். மகள் கல்யாணியின் பிரசவத்துக்காக இஸ்தான்புல்லில் ஐந்து மாதம் இருந்தபோது கீழ்வீட்டுத் துருக்கிக்காரத் தம்பதி கற்றுக்கொடுத்தது. ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. எதிராளியின் காய் தனியாக நின்றால் வெட்டலாம். ஜோடியாக நின்றால் தொட முடியாது. எல்லாக் காய்களையும் வீடு சேர்த்து முதலில் வெளியே எடுப்பவருக்கு ஜெயம். தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான் விதிகளைப் புரிந்துகொள்ள விரும்பினேன், அதுதான் காரணம்.

உலகம்மாள், நான் கூப்பிடுவது உலகம், யோசிப்பதே இல்லை. பகடை உருண்டு நிற்பதற்குள் காயை வைத்துவிடுகிறாள். நான் யோசிக்கும்போது அவள் எழுந்துபோய் குக்கரை இறக்கி, தாளித்துக் கொட்டி, கைகழுவித் துடைத்துக்கொண்டு வருகிறாள். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால், "தோணுச்சு, வச்சேன்" என்கிறாள். இதையெல்லாம் பரீட்சையில் எழுதினால் நான் சைபர் போட்டிருப்பேன்.

மருமகன் என் லேப்டாப்பில் ஒரு மென்பொருள் ஏற்றித் தந்திருக்கிறார். ஆடிய ஆட்டத்தை அதில் உள்ளிட்டால், ஒவ்வொரு பகடைக்கும் சிறந்த நகர்வு எது, நாம் எவ்வளவு தவறினோம் என்று கணக்குப் பார்த்துக் கடைசியில் மதிப்பெண் போடும். தவறு கூடினால் எண் கூடும். சைபர் எடுத்தவர் கடவுள். நான் எல்லா ஆட்டத்தையும் தேதி போட்டு நோட்டில் குறித்து வைக்கிறவன். அவள் ஜெயிப்பது வெறும் அதிர்ஷ்டம் என்று எழுத்துமூலம் நிரூபிக்கப்போகிறேன்.

ஜூன் 6, செவ்வாய்

இரண்டு நாள் உட்கார்ந்து இருபது ஆட்டங்களை ஏற்றினேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

உலகம்மாள்: 7. நான்: 19.

ஏழு என்பது போட்டிகளுக்குப் போய் ஆடுகிறவர்கள் எடுப்பதாம். பத்தொன்பதுக்கு நேரே 'புதிதாகக் கற்பவர்' என்று போட்டிருக்கிறது. என்ன சொல்லுது உங்க மெஷினு என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். இரண்டு பேரும் ஏறக்குறைய சமம் என்றேன். அப்படியா என்று முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 7, புதன்

மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே ஏழு, அதே பத்தொன்பது.

ஜூன் 11, ஞாயிறு

தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் விடையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இந்தக் காயை அங்கே வை என்கிறது. ஏன் என்றால் ஒரு தசமத்தைக் காட்டுகிறது. காரணம் சொல்லாதவர்கள் இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர். ஒருத்தி அடுப்படியில், ஒன்று மேஜைமேல்.

ஆகவே லேப்டாப்பை மூடி, பழைய பேப்பர் அடுக்கின்மேல் வைத்துவிட்டேன். இனி தர்க்கம்தான். நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல் விதி: பத்திரமான வழி ஒன்று இருக்கும்போது தனிக்காய் விடாதே. மற்ற நான்கும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கின்றன. எழுதி முடித்தபிறகுதான் கவனித்தேன், ஐந்து என்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு ஆட்டம். விதிப்படி ஆடி இரண்டிலும் தோற்றேன். ஆனால் காரணத்தோடு தோற்றேன்.

ஜூன் 19, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டார் ரிப்பேர், இரண்டாம் தடவை.

அடுப்படியில் குனிந்து அப்பள டின்னை எடுத்து நிமிரும்போது திறந்துகிடந்த ஷெல்ஃப் கதவில் உலகத்தின் தலை இடித்துவிட்டது. நல்ல சத்தம். கூடத்தில் இருந்த எனக்கே கேட்டது. ரத்தம் இல்லை, சின்னப் புடைப்பு. ஐஸ் வைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவள் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். அதனால் கல்யாணி போனில், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் அப்பா என்றாள். அவளுக்குத் தர்க்கப்படி விளக்கினேன். தலையில் பலமாக அடிபட்டால் மயக்கமோ வாந்தியோ வரும். அம்மாவுக்கு இரண்டும் வரவில்லை. ஆகவே பலமான அடி இல்லை. உலகமும் போனை வாங்கி, எனக்கு ஒண்ணுமில்லட்டி, பிள்ளைய பாரு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்து என்னை இரண்டு ஆட்டத்தில் அடித்தாள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா.

ஜூலை 2, ஞாயிறு

ஜெயித்தேன்! பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. விதிகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. உலகத்துக்குத் தலைவலி என்பதால் ஒரே ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறாள். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

ஜூலை 10, திங்கள்

தொடர்ந்து மூன்று ஜெயம். அவசரப்படாமல், பத்திரமாக, காரண காரியத்தோடு ஆடினால் உள்ளுணர்வு தானாக மண்டியிடும் என்று நான் எப்போதும் சொல்லிவந்தது நிரூபணம் ஆகிறது. உலகம்கூட இப்போது யோசித்து ஆடத் தொடங்கியிருக்கிறாள். பகடையைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள், கட்டத்தை விரலால் தொட்டு எண்ணுகிறாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

அவளுடைய இடது செருப்பு அடிக்கடி கழன்று விழுகிறது. வார் தளர்ந்திருக்கும். புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

நான்குக்கு நான்கு. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. சொன்னேன். ஒரு தடவைதான் போட்டேன் என்றாள். நான் இரண்டு தம்ளர் மோர் குடித்து அதைச் சமன்செய்தேன்.

ஆட்டத்தின் நடுவில், "நீங்களே ஜெயிச்சுக்கிடுங்க, எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்துவிட்டாள். மணி ஆறரை. தோற்கிறவர்களுக்கு ஆட்டத்தில் ருசி போய்விடும் என்பது மனித இயல்பு. நான் ஒரு வருஷமாகத் தோற்றும் எழுந்து போனதில்லை என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்கிறேன்.

ஜூலை 21, வெள்ளி

வெட்கக்கேடான நாள். என் கறுப்புக் காயை எடுத்து அவள் நகர்த்தினாள். அது என்னுடையது என்றேன். இல்லை, என்னுடையது என்றாள். வெள்ளைக் காய்தானே உன்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். பிறகு இன்னொரு கறுப்புக் காயை எடுத்தாள். தோற்கிற ஆத்திரத்தில் அழிச்சாட்டியம் பண்ணாதே என்று கத்திவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் கத்தியது எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று விளையாட்டுக் காய்க்காக.

அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் என்னவோபோல் இருந்தது. உலகம் திருப்பிக் கத்துகிற ஆள்.

ஜூலை 25, செவ்வாய்

ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பு: 'கணினியை வென்ற தர்க்கம்'. இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். என் ஐந்து விதிகளும் அவற்றால் நான் அடைந்த முன்னேற்றமும். உதாரணங்கள் தானாக வந்து விழுகின்றன. அத்தாட்சியாக ஒரு அட்டவணை மட்டும் வேண்டும். ஜூனில் பத்தொன்பதாக இருந்தவன் இப்போது எட்டோ ஒன்பதோ ஆகியிருப்பேன் என்று கம்ப்யூட்டர் வாயாலேயே சொல்லவைத்தால் அழகாக இருக்கும்.

ஜூலை 28, வெள்ளி

ஜூன் தொடக்கத்திலிருந்து ஆடிய எல்லாவற்றையும் வாரவாரியாக ஏற்றினேன்.

நான்: 19, 20, 18, 19, 19, 20, 19, 19.

எட்டு வாரத்தில் ஒரு இம்மியும் முன்னேறவில்லை. விதிகளுக்கு முன்னும் அதேதான், பின்னும் அதேதான். அப்படியானால் எப்படி ஜெயித்தேன்? தர்க்கப்படி ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். அதைப் பார்க்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உலகம்மாள்: 7, 6, 7, 9, 12, 16, 21, 27.

இருபத்தேழு. விதி தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் வருகிற எண். இந்த நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். மூன்றாவது வாரம், ஜூன் 19. அப்பள டின். அதற்குப் பிறகு நானே என் கையால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்: தலைவலி, செருப்பு, உப்பு, ஆறரைக்குத் தூக்கம், கறுப்புக் காய். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு காரணமும் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

அவள் உள்ளே தூங்குகிறாள். மதியத்திலிருந்து தூங்குகிறாள். எழுப்பி ஆட்டோ கூப்பிடப்போகிறேன்.

ஜூலை 29, சனி

மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்போதிலிருந்து இப்படி என்று நேற்று டாக்டரம்மா கேட்டார். நான் நோட்டைக் கொடுத்தேன். கையில் வேறொன்றும் இல்லை. எல்லோரும் கொஞ்ச நாளாக என்றுதான் சொல்வார்கள், தேதியோடு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மூன்றாவது வாரத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். ஷெல்ஃப் கதவைப் பற்றிச் சொன்னேன். மயக்கமும் வாந்தியும் வரவில்லை என்று என் வாதத்தையும் சொன்னேன். அவர் என்னை வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியிலும் உள்ளே மெல்லக் கசியும், வாரக்கணக்கில் கசியும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஸ்கேனில் வலப் பக்கம் மண்டையோட்டுக்கு அடியில் பிறைபோல ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறது.

என் வாதத்தின் வடிவத்தில் பிழை இல்லை. முதல் வாக்கியம் மட்டும் பொய். அதை ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மகள் கேட்கத்தான் சொன்னாள். நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

மாத்திரையின் வேகத்தை முறிக்க ஏதோ ஏற்றுகிறார்கள். நாளைக் காலை மண்டையில் இரண்டு துளை போட்டு வடிப்பார்கள். பழையபடி ஆகிவிடுவாளா என்று கேட்டேன். உயிருக்குப் பெரிய பயமில்லை. எந்த அளவுக்குத் திரும்பி வருவார்கள் என்று சில வாரம் போனால்தான் தெரியும் என்றார்.

ஜூலை 30, ஞாயிறு

தலையை மழித்து, பச்சைச் சட்டை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் விட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஜூனில் நான் சொன்னது பொய், இரண்டு பேரும் சமம் இல்லை, ஒருவருக்கு ஏழு, ஒருவருக்குப் பத்தொன்பது என்றேன்.

"பத்தொன்பது யாரு?" என்றாள்.

"நான்."

"பாவம்" என்றாள். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூலை 30, பிற்பகல்

வடித்துவிட்டார்கள். கண் திறந்தாள். கல்யாணி நாளை விமானம் ஏறுகிறாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடை சரியாகிவிட்டது, செருப்பு கழல்வதில்லை. உப்பு ஒரு தடவைதான் விழுகிறது. அதுவும் கல்யாணி போடுவதால் இதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் இப்போதெல்லாம் எதையும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

பெயர்கள் சில நேரம் வருவதற்குத் தாமதமாகின்றன. சித்தி மகளின் பெயரைத் தேடினாள். எனக்கும்தான் அது உடனே ஞாபகம் வரவில்லை. ஆனால் எனக்கு வராவிட்டால் மறதி, அவளுக்கு வராவிட்டால் டாக்டரம்மாவுக்குப் போன் போடப் பார்க்கிறேன். பலகையைப் பீரோமேல் துணிக்கட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தூசி படியக் கூடாது என்று கல்யாணியிடம் காரணம் சொன்னேன். உண்மை இதுதான்: இருபத்தேழை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

தையல் பிரித்தார்கள். கல்யாணியிடம் அவள் அம்மா, பழனிக்குப் போகாமலே மொட்டை போட்டுட்டாவ, புண்ணியம் உண்டாம்மா என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இது பழைய உலகம் சொல்லியிருக்கக்கூடியதா என்று மனசுக்குள் எடைபோட்டேன். இப்படியே ஒரு வாரமாக அவள் பேசுகிற ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மனுஷியை இப்படிப் பார்க்கக் கூடாது என்று தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கல்யாணி நேற்று ஊருக்குத் திரும்பினாள். இன்று சாயங்காலம் உலகமே பலகையைக் கேட்டாள். தேடுவதுபோல் பாவனை செய்தேன். பீரோமேல் இருக்கு, துணிக்குப் பின்னால, நாற்காலி போட்டு எடுங்க என்றாள்.

ஆடினோம். நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். முதல் பத்துப் பகடைக்கு வேகமாக வைத்தாள், சரியாகவும் பட்டது. பிறகு அது நடந்தது. அவளுடைய இரண்டு தனிக்காய்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிடலாம். அப்படியொரு பகடை விழுந்திருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும், பத்திரமான வழி கண்முன்னால் கிடக்கிறது. அவள் அதைத் தொடவில்லை. தன் வீட்டுக்குள் நின்ற என் காயைத் தன்னுடைய ஒரு தனிக்காயால் வெட்டிவிட்டு, இன்னொன்றையும் தனியாக வெளியே நிறுத்திவிட்டுப் பகடையை என் பக்கம் தள்ளினாள். இரண்டு காயும் அம்போவென்று நின்றன. ஒன்றை அடுத்த பகடையிலேயே வெட்டினேன். ஆட்டமும் எனக்கே முடிந்தது.

இன்னொரு ஆட்டம் ஆடுவோமா என்று கேட்டாள். மோட்டார் போட்டது ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிப் புழக்கடைக்குப் போனேன். மோட்டார் போட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நடக்கிறாள், சமைக்கிறாள், கிண்டல் பண்ணுகிறாள். இதுவே பெரிது என்று டாக்டரம்மா சொல்வார். பெரிதுதான். ஆனால் பகடை நிற்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஒருத்தி இருந்தாளே, அவளை நான் ஒரு ஸ்கேனுக்குச் சோம்பி ஜூன் மாதத்திலேயே தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவளிடம் தோற்பதைத் தவிர சாயங்காலத்துக்கு எனக்கு வேறு வேலை இருந்ததில்லை.

ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. தெரிந்ததை எதற்கு ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ரேஷன் கடை. மின் கட்டணம். பிறகு பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். எண் எதுவானாலும் தெரிந்துகொண்டு அதோடு வாழப் பழகுவோம் என்று நினைத்தேன். ஒவ்வொரு பகடையாக ஏற்றினேன். அந்த நகர்வு வந்ததும் அடுத்த பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழுத்தினேன்.

முதல் இடத்தில் இருந்தது அவள் வைத்த நகர்வு. சிறந்தது. அடுத்ததற்கும் அதற்கும் நடுவில் பெரிய இடைவெளி. நான் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று எழுதிய பத்திரமான வழி ஆறாவது இடத்தில், சிவப்பு எழுத்தில், 'பெரும் பிழை' என்ற குறிப்போடு கிடந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன். நான் வெட்டியது வெறும் பகடை அதிர்ஷ்டம், அதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுகூட இல்லை என்கிறது. ஆட்டத்தின் மொத்த மதிப்பெண், உலகம்மாள்: 6. நான்: 22.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். என் ஆயுசில் தப்பாகச் சொன்னது எத்தனையோ உண்டு. இவ்வளவு சந்தோஷமாக ஒரு தடவையும் தப்பாகச் சொன்னதில்லை.

அடுப்படிக்குப் போனேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று நீ வெட்டினது சரி, அதுதான் இருப்பதிலேயே சரி என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"சரின்னு தெரிஞ்சுதானே வச்சேன். நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்தீய. இப்ப என்னத்துக்கு அழுவுதீய?"

ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன்.

"தோணுச்சு" என்றாள்.

சாயங்காலம் மூன்று ஆட்டம். மூன்றும் தோற்றேன்.